ஒரே பொருள், வெவ்வேறு தொலைவு: ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது

‘ஐ நீட் யுவர் ஹெல்ப்’ என்றும் எழுதலாம். ‘ஐ ரிக்வயர் யுவர் அசிஸ்டன்ஸ்’ என்றும் எழுதலாம். இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் உதவி எனக்குத் தேவை. ஆனால் ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்ற நம்மில் பலருக்கு, கடிதம் என்று வந்துவிட்டால் கை தானாக இரண்டாவதைத் தேடிப் போகிறது. அதுதான் படித்தவர் எழுதும் ஆங்கிலம், அதில்தான் பணிவு இருக்கிறது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதில் அந்த வாக்கியம் பணிவாக ஒலிப்பதில்லை. விறைப்பாக ஒலிக்கிறது. உதவி கேட்கும் குரலைவிட உத்தரவிடும் குரலுக்கே அது பக்கத்தில் நிற்கிறது.

முறைசார்ந்த சொல், பணிவான சொல், கடினமான சொல் என்ற மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இவை மூன்றும் தனித்தனிப் பொருள்கள். முறைசார்ந்த சொல் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தத் தொலைவு சில இடங்களில் தேவை. பல இடங்களில் அது தேவையற்ற சுவர்.

இந்தக் குழப்பம் நமக்கு வருவதில் வியப்பில்லை. தமிழில் பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு வேறொரு வடிவம். வீட்டில் பேசுகிற வினைமுற்றை அப்படியே கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இத்தகைய நிலையை ஒரு கோட்பாடாக விளக்கினார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் காட்டினார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். அப்படிப்பட்ட மொழியில் வளர்ந்தவருக்கு, பேனாவை எடுத்தவுடன் எல்லாச் சொல்லையும் ஒரு படி உயர்த்த வேண்டும் என்பது அனிச்சைச் செயல் போல் ஆகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே அப்படியொரு மதில் இல்லை. ‘ஹவுஸ்’, ‘ஹெல்ப்’, ‘பிகின்’, ‘நீட்’ எல்லாம் சமையலறையிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் ஒரே வடிவில், ஒரே மதிப்போடு நடமாடுகின்றன.

அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் ஜூஸ் 1960களின் தொடக்கத்தில் ஆங்கில நடையை ஐந்து படிகளாகப் பிரித்தார். சடங்கு வாசகங்களிலும் சட்ட வாசகங்களிலும் மாறாமல் உறைந்துபோன நடை, முறைசார்ந்த நடை, அறிமுகம் குறைந்தவரோடு கலந்து பேசும் நடை, நண்பர்களோடு பேசும் நடை, மிக நெருங்கியவர்களுக்குள் புழங்கும் நடை. இந்தப் பகுப்பில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது நடுவில் உள்ள மூன்றாவது படி. மருத்துவரிடம் பேசுவது, முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பது, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையை விளக்குவது எல்லாம் அதில்தான் அடங்கும். அன்றாடம் நாம் எழுதும் மின்னஞ்சல்களில் பெரும்பகுதிக்கு உரிய நடையும் அதுவே. ஆனால் கற்பிக்கும்போது இதைத் தவிர்த்துவிட்டு, இடப்பக்கம் முறைசாராச் சொல், வலப்பக்கம் முறைசார்ந்த சொல் என்று இரண்டு பத்திகளாக அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணையின் இடப்பக்கத்தில் இருக்கும் ‘ஹெல்ப்’, ‘பை’ (வாங்கு), ‘ஆஸ்க்’, ‘ஸ்டார்ட்’ போன்றவை உண்மையில் முறைசாராச் சொற்களே அல்ல. அவை நடுவில் நிற்பவை. எங்கும் செல்லுபடியாகும் சொற்கள். ‘கிட்’ என்பது முறைசாராச் சொல், ‘சைல்ட்’ நடுநிலையானது, ‘ஆஃப்ஸ்பிரிங்’ சட்டத்துக்கும் உயிரியலுக்கும் உரியது. இந்த மூன்றில் நடுவில் இருப்பதை நம்பி எந்த ஆவணத்திலும் எழுதலாம்.

ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் ஆங்கிலத்தில் எப்படி வந்தன என்பதற்கு வரலாறு விடை சொல்கிறது. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. திருச்சபையும் கல்வியும் லத்தீனில் இயங்கின. உழுபவரும் நெய்பவரும் பழைய ஆங்கிலத்தையே பேசிவந்தனர். அதனால் கேட்பது என்ற ஒரு செயலுக்குப் பழைய ஆங்கிலத்திலிருந்து ‘ஆஸ்க்’, பிரெஞ்சு வழியாக ‘கொஸ்டின்’, லத்தீனிலிருந்து ‘இன்டெரகேட்’ என மூன்று சொற்கள் சேர்ந்தன. அரசனைச் சார்ந்தது என்பதற்கு ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என மூன்று. நீதிமன்ற வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது என்பதிலிருந்து அந்தக் காலத்தின் நிலை விளங்கும். உயில் ஆவணங்களில் இன்றும் ‘வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ என்றும், சொத்து ஆவணங்களில் ‘குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’ என்றும் ஆங்கிலச் சொல்லோடு அயல்மொழிச் சொல்லையும் இணைத்து எழுதும் வழக்கம் இருக்கிறது. அரசவையில் புழங்கிய சொல்லுக்கு உயர்வும், வயலில் புழங்கிய சொல்லுக்கு எளிமையும் ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் முழுவதும் நீங்கவில்லை.

ஆனால் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தது உயர்ந்தது, பழைய ஆங்கிலம் எளியது என்று கண்ணை மூடிக்கொண்டு விதி செய்துவிட முடியாது. ‘யூஸ்’, ‘வெரி’, ‘பீப்பிள்’, ‘பே’, ‘ட்ரை’ எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை. இவற்றைவிட எளிய சொற்கள் இல்லை. மறுபுறம் ‘ஹியர்பை’ (இதன்மூலம்), ‘ஃபோர்த்வித்’ (உடனடியாக), ‘பிசீச்’ (மன்றாடு) போன்றவை முழுக்க முழுக்க ஆங்கில மண்ணில் பிறந்தவை. இன்று சட்டப் பத்திரத்துக்கோ பழைய செய்யுளுக்கோ வெளியே அவற்றைப் பார்ப்பது அரிது. சொல்லின் பிறப்பு ஒரு குறிப்புத்தான் தரும். சொல் யாருடைய வாயில், எந்த இடத்தில், எத்தனை முறை வருகிறது என்பதுதான் அதன் நிலையைத் தீர்மானிக்கிறது.

அதைவிட முக்கியமானது, ஒரே பொருள் என்று நாம் நினைக்கும் சொற்கள் பெரும்பாலும் ஒரே பொருள் உடையவை அல்ல என்பது. இங்கேதான் அட்டவணை நம்மை மிக மோசமாகக் கைவிடுகிறது. ‘சாரி’, ‘அபாலஜைஸ்’ என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது எளியது, இரண்டாவது முறைசார்ந்தது என்று படித்திருப்போம். ஒருவரின் தந்தை இறந்துவிட்டார் என்று கேள்விப்படும்போது ‘ஐ ஆம் சாரி’ என்று சொல்வது ஆறுதல். அதையே உயர்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ‘ஐ அபாலஜைஸ்’ என்று எழுதினால், அந்த மரணத்துக்கு நான்தான் காரணம், மன்னித்துவிடுங்கள் என்று பொருளாகிவிடும். ‘சாரி’ வருத்தத்தையும் சொல்லும், மன்னிப்பையும் கேட்கும். ‘அபாலஜைஸ்’ தவற்றை ஒப்புக்கொள்வதற்கு மட்டுமே உரியது. ‘ரிக்ரெட்’ என்ற மூன்றாவது சொல் இன்னும் நுட்பமானது. ‘வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்’ என்று ஒரு நிறுவனம் பலகை வைக்கும்போது, சிரமம் ஏற்பட்டதற்கு அது வருந்துகிறது. அந்தச் சிரமத்துக்குத் தான் பொறுப்பு என்று சொல்லவில்லை. மூன்று சொற்களுக்கும் இடையே இருப்பது உயரத்தின் வேறுபாடு மட்டுமன்று, பொறுப்பின் வேறுபாடு. பாதிக்கப்பட்டவர் அதை உடனே உணர்வார்.

இறப்பைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். ‘டை’ என்பதைப் பலரும் முரட்டுச் சொல் என்று நினைத்து ‘பாஸ் அவே’ என்று எழுதுகிறார்கள், அது முறைசார்ந்தது என்ற நம்பிக்கையில். உண்மையில் அது இடக்கரடக்கல். மென்மையானதே தவிர முறைசார்ந்ததன்று. துயரத்தில் இருப்பவரிடம் பேசும்போது அந்த மென்மை தேவைதான். செய்தி அறிக்கையிலோ ஆய்வுக் கட்டுரையிலோ ‘டை’ என்பதே நேர்மையான சொல். செய்தி நிறுவனங்களின் நடைக் கையேடுகள் பலவும் அதைத்தான் பரிந்துரைக்கின்றன. ‘டிசீஸ்ட்’ என்பது வாரிசுச் சான்றுக்கும் வழக்குக்கும் உரியது. இரங்கல் கடிதத்தில் அதை எழுதினால் இறந்தவர் ஒரு கோப்பாகச் சுருங்கிவிடுவார்.

இலக்கணமும் சொல்லோடு சேர்ந்து மாறுகிறது. ‘இனஃப்’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘சஃபிஷியண்ட்’ உட்காராது. ‘குட் இனஃப்’ என்பது சரி. ‘குட் சஃபிஷியண்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒன்று கிடையாது. ‘பை’ இருக்கும் இடத்தில் ‘பர்சேஸ்’ வைத்தால் ‘பை டைம்’ போன்ற வழக்குத் தொடர்கள் உடைந்துபோகும். ஆபத்தில் மாட்டிக்கொண்டவர் ‘ஹெல்ப்!’ என்று கத்துவார், ‘அசிஸ்ட்!’ என்று எவரும் கத்துவதில்லை. கதை சொல்வதற்கு ‘டெல்’ வரும், ‘இன்ஃபார்ம்’ வராது. ஆழமான கிணறு ‘டீப்’ ஆக இருக்கலாம், ‘ப்ரஃபவுண்ட்’ ஆக இருக்க முடியாது. ஆழமான சிந்தனை இரண்டாகவும் இருக்கலாம். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றைச் செருகுவதற்கு முன், அந்த இன்னொன்று எந்தச் சொற்களோடு சேர்ந்து வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்கள் தனியாகப் பேச வேண்டியவை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது, ‘ஃபைண்ட் அவுட்’ என்றால் கண்டறிவது, ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது. இவற்றுக்கு இணையாக ‘போஸ்ட்போன்’, ‘டிஸ்கவர்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று ஒற்றைச் சொற்கள் இருக்கின்றன. நாம் முதலில் கற்பது இந்த ஒற்றைச் சொற்களைத்தான், ஏனென்றால் அவற்றின் பொருளை மனப்பாடம் செய்வது எளிது. ‘புட்’ என்பதற்கும் ‘ஆஃப்’ என்பதற்கும் தனித்தனியாகப் பொருள் தெரிந்திருந்தாலும் ‘புட் ஆஃப்’ என்பதன் பொருளை ஊகிக்க முடியாது. இதன் விளைவாக நமது ஆங்கிலப் பேச்சு பாடநூலின் வாடையோடு வருகிறது. நண்பரிடம் ‘எக்ஸ்டிங்விஷ்’ என்று விளக்கை அணைக்கச் சொல்வதும், காரில் ‘என்டர்’ செய்யச் சொல்வதும் இந்த வகை. இங்கே தவறு இலக்கணத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முறைசார்ந்த எழுத்தில் இந்தத் தொடர்களை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ‘கேரி அவுட்’, ‘பாயிண்ட் அவுட்’, ‘செட் அவுட்’ போன்றவை அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் எந்தத் தயக்கமும் இல்லாமல் வருகின்றன. ஒவ்வொரு தொடருக்கும் அதற்கென்று ஒரு நிலை இருக்கிறது. ‘கேரி அவுட்’ எங்கும் செல்லும்; தூக்கியெறிவதைக் குறிக்கும் ‘சக் அவுட்’ நண்பர்களிடம் மட்டும்தான் செல்லும்.

பணிவுக்கு வருவோம். தமிழில் ‘நீ’ இருக்கிறது, ‘நீங்கள்’ இருக்கிறது. ‘வா’ என்பதற்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் இடையே முழு உறவுமுறையே அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஒருமைக்கு ‘தௌ’ இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அது பொதுவழக்கிலிருந்து விலகத் தொடங்கியது; இன்று அரசருக்கும் குழந்தைக்கும் ஒரே ‘யூ’. இதனால் பணிவைக் காட்டும் வேலை பிரதிப்பெயரிலிருந்து வாக்கிய அமைப்புக்கு இடம் பெயர்ந்துவிட்டது. ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்று கேள்வியாக மாற்றுவது ஒரு வழி. இறந்தகாலத்துக்குத் தள்ளுவது இன்னொரு வழி: ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்று தொடங்கும்போது, இப்போது கேட்கும் ஒன்றையே முன்பு எப்போதோ மனத்தில் ஓடிய எண்ணம் போலச் சொல்லி, மறுப்பதற்கு எதிரில் இருப்பவருக்கு இடம் விடுகிறோம். இந்த வாக்கியத்தில் ஒரு கடினமான சொல்கூட இல்லை. ஆனாலும் ‘ஐ ரிக்வயர்’ என்பதைவிடப் பல மடங்கு பணிவானது. ‘கைண்ட்லி’ என்ற சொல்லைப் பணிவின் உச்சம் என்று நினைத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் வைக்கிறோம். பிரிட்டன், அமெரிக்க வாசகர் பலருக்கு அது கண்டிப்பான அறிவிப்புப் பலகையின் குரல். ‘யூ ஹேட் பெட்டர்’ என்பதை நல்ல யோசனை சொல்லும் தொடர் என்று நினைத்து மேலதிகாரிக்கு எழுதிவிடுபவர்களும் உண்டு. அதில் செய்யாவிட்டால் விளைவு மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது.

முறைசார்ந்த நடைக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அது செய்தவரை மறைக்க உதவுகிறது. ‘இட் ஹேஸ் பீன் டிசைடட்’ என்று எழுதினால் முடிவு எடுத்தவர் யார் என்று தெரியாது. 1987 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், ஈரானுடனான மறைமுக நடவடிக்கைகளைக் குறித்து நாடாளுமன்றத்தில் பேசியபோது, ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். கடுமையான தவறுகள் நிகழ்த்தப்பட்டன. நிகழ்த்தியவர் பெயர் வாக்கியத்தில் இல்லை. ஒருவரின் வேலையோ கடனோ மருத்துவ உதவியோ மறுக்கப்படும் கடிதத்தில் இந்த நடை வரும்போது, படிப்பவர் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறார்.

இதை எதிர்த்துத்தான் எளிய ஆங்கிலத்துக்கான இயக்கங்கள் எழுந்தன. பிரிட்டனில் 1979இல் அதற்கென்று ஒரு பரப்புரை அமைப்பு தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2010இல், மத்திய அரசு அமைப்புகள் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. பிரிட்டன் அரசு இணையதளத்துக்கான எழுத்து வழிகாட்டி, ‘பர்சேஸ்’ வேண்டாம் ‘பை’ போதும், ‘அசிஸ்ட்’ வேண்டாம் ‘ஹெல்ப்’ போதும், ‘அப்ராக்சிமேட்லி’ வேண்டாம் ‘அபவுட்’ போதும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவை இன்னும் ஒரு படி மேலே போய், தன் இணையப் பக்கங்களில் சிறுநீரைக் குறிக்க ‘யூரின்’ என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ‘பீ’ என்ற வீட்டுச் சொல்லையே பயன்படுத்துகிறது. எழுத்தறிவு குறைந்தவருக்கும் அது புரிகிறது என்பதே காரணம். ஓர் அரசு மருத்துவ அமைப்பு தன் கௌரவத்தைவிட நோயாளியின் புரிதலை முன்னே வைத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

எளிய சொற்களால் கம்பீரமாக எழுத முடியாது என்பவர்களுக்கு, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் ஆற்றிய உரையின் முடிவுப் பகுதியைக் காட்டலாம். ‘வீ ஷல் ஃபைட்’ என்று திரும்பத் திரும்ப வரும் அந்த வரிகளில், வயல், தெரு, குன்று என்று குழந்தைக்கும் தெரிந்த சொற்கள்தான் இருக்கின்றன. இறுதியில் வரும் ‘சரண்டர்’ போன்ற சில சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. கம்பீரத்தைத் தருவது ‘ஷல்’ என்ற துணைவினையும் வாக்கியங்கள் அடுக்கப்பட்ட முறையும்.

அப்படியானால் முறைசார்ந்த சொற்களே தேவையில்லையா? தேவை. ஒப்பந்தத்தில் ‘டெர்மினேட்’ என்ற சொல்லுக்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட பொருள் இருக்கிறது. அங்கே ‘எண்ட்’ என்று மாற்றிவிட்டால் ஐயம் எழலாம். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு முதல் கடிதம் எழுதும்போது ‘ஹாய்’ என்று தொடங்குவது அவர் தராத நெருக்கத்தை நாமே எடுத்துக்கொள்வதாகும். பிரிட்டிஷ் வழக்கில் ‘டியர் சர்’ என்று பெயரில்லாமல் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்றும், பெயரோடு தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும் முடிப்பார்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் முதல் எழுத்துப் பணியே ஒரு கடிதம்தான்; நண்பருக்கா, மேலாளருக்கா, அறிமுகமில்லாத அதிகாரிக்கா என்பதற்கு ஏற்ப நடை மாறுகிறதா என்பதையும் அங்கே மதிப்பிடுகிறார்கள். எந்த நடையை எடுத்தாலும் கடைசிவரை அதில் நிற்பது முக்கியம். ‘வீ விஷ் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கி, ‘யுவர் கிட்’ என்று தொடர்ந்தால், படிப்பவர் செய்தியை விட்டுவிட்டு அந்த இடறலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சொற்களின் நிலையும் நிலையாக இருப்பதில்லை. கூட்டத்தைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல் லத்தீன் தொடர் ஒன்றைச் சுருக்கிப் பிறந்தது. எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் அதைக் கொச்சை என்று கண்டித்தார். இன்று நாளேடுகளின் தலைப்பில் அது தடையின்றி வருகிறது. தமிழிலும் வேரூன்றிவிட்ட ‘பஸ்’ ஒரு காலத்தில் ‘ஆம்னிபஸ்’ என்பதன் கொச்சைச் சுருக்கமாக இருந்ததுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான கடித மாதிரி நூலை வைத்து இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதினால், பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் எழுதியவரின் முகம் தெரியாது.

ஐயம் வந்தால் கற்போருக்கான அகராதியைத் திறந்து பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் வெளியிடும் அத்தகைய அகராதிகளில், முறைசார்ந்தது, முறைசாராதது, பழைய வழக்கு, எழுத்துக்கு மட்டும் என்று சொல்லின் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். ‘கமென்ஸ்’ என்ற சொல்லுக்கு முறைசார்ந்தது என்ற குறிப்பைக் காணலாம். ‘பிகின்’ என்ற சொல்லுக்கு அப்படி எதுவும் இருக்காது. குறிப்பு இல்லாத சொல்லை எங்கும் எடுத்துச் செல்லலாம். குறிப்பு உள்ள சொல்லை எடுக்கும்போதுதான், இந்த இடத்தில் இவருக்கு இது தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். அது நீதிமன்றத்தையோ போர்க்களத்தையோ பட்டமளிப்பு விழாவையோ பற்றியதாக இருந்தால், விடுப்புக் கேட்டு எழுதும் மின்னஞ்சலுக்கு அந்தச் சொல் பொருந்தாது.